நாற்பது வருஷம் தொடாத டீ, இப்போது நாளுக்கு ஆறு கப்: பயப்பட வேண்டுமா?

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு வயது 44, அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் வேலை. சின்ன வயதிலிருந்தே எனக்கும் டீக்கும் ஆகாது. வீட்டில் எல்லோரும் பாலும் சர்க்கரையும் போட்டுக் குடிப்பார்கள், எனக்கு ஒரு வாய் உள்ளே போனாலே வாயெல்லாம் கரகரவென்று ஆகிவிடும், அதோடு விட்டுவிட்டேன். நாலு மாதத்துக்கு முன்னால் கூட வேலை பார்க்கும் அக்கா ஒருவர் பால் இல்லாமல் ஊலாங் என்று ஒரு டீ போட்டுக் கொடுத்தார். மிளகு மாதிரி உருண்டையாக இருந்த இலை சுடுதண்ணீரில் விரிந்தது, பூ வாசனை வந்தது, சர்க்கரையே போடவில்லை, ஆனால் விழுங்கிய பிறகு தொண்டையில் ஓர் இனிப்பு நின்றது. அன்றைக்குப் பிடித்தது. இப்போது காலையில் கண் விழிப்பதே அந்த முதல் கப்புக்காகத்தான். அலமாரியில் ஏழு டப்பா இருக்கிறது. நாளுக்கு ஆறு கப், கடைசி கப் ராத்திரி ஒன்பது மணிக்கு, எல்லா வேலையும் முடித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து. கணவர் "இது என்ன புதுப் பித்து" என்கிறார். எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது, இந்த வயதில் ஒரு பானத்தின் மேல் இப்படி ஓர் ஆசையா என்று. இது அடிமைத்தனமா? ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.4 வந்தது, டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார். இரண்டு மாதமாக ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. டீயை விடச் சொல்லிவிடுவீர்களோ என்று பயந்துகொண்டேதான் எழுதுகிறேன். 15 வயது மகளும் ஒரு கப் கேட்கிறாள், கொடுக்கலாமா?

பதில்:

டீயை விடச் சொல்ல மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதியையும் நீங்கள் பயத்தோடேயே படிப்பீர்கள். உங்கள் கடிதத்தில் மாற்றியே ஆக வேண்டியவை இரண்டு, இரண்டுமே நேரம் சம்பந்தப்பட்டவை. அவற்றைச் சரிசெய்துவிட்டால் இந்த ஆசையை நிம்மதியாக வைத்துக்கொள்ளலாம், வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் விருப்பமும்.

முதலில் ரத்தம். கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை, 11க்கும் கீழே போய்விட்டால் நடுத்தர ரத்தசோகை என்று உலக சுகாதார நிறுவனம் பிரித்திருக்கிறது. உங்களுடையது 10.4, அதாவது "லேசாகத்தான் குறைந்திருக்கிறது" என்று தள்ளிப்போடும் இடத்தில் நீங்கள் இல்லை. டீயில் இருக்கும் பாலிஃபீனால்கள், அதாவது அந்தத் துவர்ப்பைக் கொடுக்கும் பொருள்கள், தானியம், பருப்பு, கீரை மாதிரி தாவர உணவில் இருக்கும் இரும்பைப் பிடித்து முடிச்சுப் போட்டுக்கொள்ளும். முடிச்சு விழுந்த இரும்பைக் குடலால் உறிஞ்ச முடியாது, சாப்பிட்டும் வீணாகப் போய்விடும். சாப்பாட்டோடு சேர்த்து ஒரு கப் கடுமையான டீ குடித்தால் அந்த வேளைச் சாப்பாட்டிலிருந்து உடம்பில் சேரும் இரும்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடும் என்று பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. பால் சேர்த்தாலும் இதில் பெரிய மாற்றம் இல்லை. இறைச்சியில் இருக்கும் இரும்பை மட்டும் டீ அவ்வளவாகத் தொடாது.

ஆனால் இது ஒரே நேரத்தில் வயிற்றில் சந்திக்கும்போது நடக்கிற விஷயம். சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரம் விட்டாலே இழப்பு நன்றாகக் குறைந்துவிடுகிறது. அதனால் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து டீ, டீ குடித்து ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பாடு. இரும்புச்சத்து மாத்திரைக்கு இன்னும் கொஞ்சம் தாராளமாக, முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் விடுங்கள், மாத்திரையை எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு போட்டுக்கொள்ளுங்கள், வைட்டமின் சி இரும்பு சேர உதவும். தைராய்டு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. சாப்பிடுகிறீர்கள் என்றால் அதையும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் போட்டு, முதல் கப்பைக் குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். அப்புறம், நாலு மாத டீ மட்டுமே உங்கள் ஹீமோகுளோபினை 10.4க்கு இறக்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்த வயதில் மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமாவது சாதாரணமாக நடப்பது, அதைப் பல பெண்கள் டாக்டரிடம் சொல்வதே இல்லை. அடுத்த முறை போகும்போது மறக்காமல் சொல்லுங்கள்.

அடுத்தது தூக்கம். ஒரு கப் டீயில், இலையையும் ஊறும் நேரத்தையும் பொறுத்து, சுமாராக 30 முதல் 50 மில்லிகிராம் கஃபீன் இருக்கும். காபியில் இது ஏறக்குறைய இரண்டு மடங்கு. உங்கள் ஆறு கப்பைக் கூட்டினால் 180 முதல் 300 வரை வரும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளில் 400 மில்லிகிராம் வரை கவலையில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் சொல்லியிருக்கிறது. ஆக அளவில் நீங்கள் எல்லைக்குள்தான் இருக்கிறீர்கள். சிக்கல் அந்த ஒன்பது மணிக் கப். உடம்புக்குள் போன கஃபீனில் பாதி கழிவதற்கே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். ஒன்பது மணிக்குக் குடித்தால் இரண்டு மணிக்கு அதில் பாதி ரத்தத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. தூக்கத்துக்கு ஆறு மணி நேரம் முன்னால் 400 மில்லிகிராம் கஃபீன் கொடுத்துப் பார்த்த 2013ஆம் வருட ஆய்வு ஒன்றில் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் குறைந்தது. நீங்கள் ராத்திரியில் குடிப்பது அதைவிட மிகக் குறைவுதான், ஆனால் அதைவிட எவ்வளவோ பிந்திக் குடிக்கிறீர்கள்.

இரண்டு வாரம் கடைசி கப்பை மத்தியானம் இரண்டு மணியோடு நிறுத்திப் பாருங்கள். விழிப்பு நின்றுவிட்டால் காரணம் தெரிந்துவிட்டது. நிற்கவில்லை என்றால், 44 வயதில் மாதவிடாய் நிற்பதற்கு முன்னால் வரும் ஹார்மோன் மாற்றங்களும் இதே மாதிரி நடு ராத்திரியில் எழுப்பிவிடும், அதையும் டாக்டரிடம் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

ஒன்பது மணிக்குத் தனியாக உட்காரும் அந்தக் கால் மணி நேரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததில் எனக்கு ரொம்பவும் முக்கியமாகப் பட்டது அதுதான். கோப்பைக்குள் இருப்பதை மட்டும் மாற்றுங்கள். ரூய்போஸ் என்று தென்னாப்பிரிக்காவில் விளையும் ஒரு செடி இருக்கிறது, தேயிலைக்கும் அதற்கும் உறவே இல்லை, கஃபீன் கிடையாது, சிவப்பாக, லேசான இனிப்போடு இறங்கும். அது பிடிக்காவிட்டால் கஃபீன் நீக்கிய டீ, அதில் மிகச் சொற்பமாகத்தான் கஃபீன் மிஞ்சியிருக்கும். சிலர் முதல் அரை நிமிட டிகாஷனைக் கொட்டிவிட்டு மறுபடி தண்ணீர் ஊற்றினால் கஃபீன் எல்லாம் போய்விடும் என்பார்கள், அதை நம்பி ராத்திரியில் குடிக்காதீர்கள், அரை நிமிடத்தில் போவது கொஞ்சம்தான். கிரீன் டீயில் கஃபீன் இல்லை என்று நினைப்பதும் தப்பு. நிழலில் வளர்த்து, இலையைப் பொடியாக்கி அப்படியே கலக்கிக் குடிக்கும் மாட்சாவில் சாதாரண டீயைவிடக் கூடவே இருக்கலாம்.

சரி, அடிமைத்தனமா என்று கேட்டீர்கள். கஃபீனுக்கு உடம்பு பழகும், அது உண்மை. தினமும் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி, அசதி, எரிச்சல் தொடங்கும், ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போய், அதிகமாகப் போனால் ஒன்பது நாளில் அடங்கிவிடும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டில் இந்த நிறுத்தல் அவதி இடம்பெற்றிருக்கிறது, ஆனால் கஃபீன் அடிமைத்தனத்தை ஒரு நோயாக அங்கே சேர்க்கவில்லை, இன்னும் ஆராய வேண்டியது என்றுதான் வைத்திருக்கிறார்கள். அதனால் கப்பைக் குறைக்கும்போது மூன்று நாலு நாளுக்கு ஒரு கப் என்று படிப்படியாகக் குறையுங்கள், தலைவலி வராது, வந்தாலும் லேசாகப் போய்விடும்.

ஆனால் நீங்கள் கேட்பது உடம்பு பழகுவதைப் பற்றி இல்லை என்று நினைக்கிறேன். மனது இதில் மாட்டிக்கொண்டதா என்று கேட்கிறீர்கள். உங்கள் கடிதத்தையே எடுத்துப் பாருங்கள். இலை விரிந்தது, பூ வாசனை, தொண்டையில் நின்ற இனிப்பு, ராத்திரியின் அமைதி, இவ்வளவும் எழுதியிருக்கிறீர்கள். சுறுசுறுப்பாக இருக்கிறது, டீ இல்லாமல் வேலை ஓடவில்லை என்று ஒரு வரிகூட இல்லை. கஃபீனுக்காகக் குடிப்பவர்கள் என்னிடம் நிறைய வருகிறார்கள், அவர்களில் பெரும்பாலோருக்குக் கோப்பையில் என்ன இருந்தது என்றே ஞாபகம் இருக்காது, குடித்து முடித்தோமா என்பதுதான் ஞாபகம் இருக்கும். உங்களுக்குப் பிடித்திருப்பது ருசி. சந்தேகம் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்றே கப் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் உட்கார்ந்து, கையில் போன் இல்லாமல் குடித்துப் பாருங்கள். அன்றைக்கு ஆறு கப் குடித்த நாளைவிடத் திருப்தியாக இருந்தது என்றால் நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

இந்த இடத்தில் ஒன்றை மனம்விட்டுச் சொல்கிறேன். நானும் பல வருஷம், ஆலோசனைக்கு வருகிறவர் டீ என்று வாயெடுத்ததுமே "குறையுங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன், என்ன இலை, எப்போது, எதற்காகக் குடிக்கிறார் என்று கேட்காமலேயே. அப்படிச் சொன்னதில் அவர்கள் வாழ்க்கையில் இருந்த ஒரு சின்ன சந்தோஷத்தில் நான் கை வைத்திருக்கிறேன் என்பது பிறகுதான் புரிந்தது. அதனால்தான் உங்கள் வெட்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச விரும்புகிறேன்.

நீங்கள் நாற்பது வருஷம் வெறுத்ததும் இப்போது விரும்புவதும் ஒரே செடியின் இலைதான். கமேலியா சினென்சிஸ் என்பது அதன் தாவரப் பெயர். வெள்ளை, பச்சை, ஊலாங், கறுப்பு என்று டப்பாக்களில் எழுதியிருக்கும் எல்லாமே அதிலிருந்து வருவதுதான், வித்தியாசம் பறித்த பிறகு இலைக்கு என்ன செய்தார்கள் என்பதில் இருக்கிறது. இலை கசங்கினால் அதன் நொதி காற்றோடு சேர்ந்து வேலை செய்யத் தொடங்கும், வெட்டிவைத்த ஆப்பிள் பழுப்பாகிறதே, அதே வேலை. உடனே சூடுகாட்டி அதை நிறுத்தினால் பச்சை. முழுதாக நடக்க விட்டால் கறுப்பு. பாதியில் பிடித்து நிறுத்தினால் உங்கள் ஊலாங்.

அடுத்த முறை குடித்து முடித்ததும், ஊறிய இலை ஒன்றைக் கெட்டிலிலிருந்து எடுத்து விரல்மேல் மெதுவாக விரித்துப் பாருங்கள், கிழிந்துவிடாமல். மிளகு அளவு உருண்டைக்குள் காம்போடு முழு இலையே மடிந்து கிடந்திருக்கும், சிலதில் ஒரே காம்பில் இரண்டு மூன்று இலை. பாரம்பரியமான முறையில் செய்த ஊலாங் என்றால் இலையின் ஓரம் முழுக்கச் செம்பழுப்பாக ஒரு கரை போட்டிருக்கும், நடுவில் பச்சை அப்படியே இருக்கும். இலையைக் குலுக்கிக் குலுக்கி ஓரங்களை மட்டும் நசுங்க வைத்திருக்கிறார்கள், காற்று அங்கே பட்டுப் பழுத்திருக்கிறது, நடுப்பகுதிக்கு வருவதற்குள் சூடு காட்டி நிறுத்திவிட்டார்கள். நீங்கள் குடித்த பூ வாசனை அந்தக் கரைக்கும் அந்தப் பச்சைக்கும் நடுவில் பிறந்தது. சும்மா தண்ணீர் ஊற்றும் பொருளாக இருந்த இலை, இதை ஒருமுறை பார்த்துவிட்டால் வேறு மாதிரி தெரியும். தைவானில் ஓரியண்டல் பியூட்டி என்று ஓர் ஊலாங் உண்டு, சின்னத் தத்துப்பூச்சிகள் சாறு உறிஞ்சிய இலையில்தான் அதைச் செய்வார்கள். பூச்சி கடித்ததும் செடி தன்னைக் காத்துக்கொள்ள வாசனைப் பொருள்களைச் சுரக்கிறது, அதுதான் கோப்பையில் தேன் மணமாக வருகிறது. தேயிலை, தேநீர் என்கிறோமே, அதிலுள்ள 'தே' சீனாவின் ஃபூஜியன் கரையோரப் பேச்சிலிருந்து கப்பலேறி உலகம் சுற்றிய சொல். உங்களைக் கவிழ்த்த ஊலாங்கும் அந்த ஃபூஜியன் மலைகளில் தோன்றியதுதான்.

வாயெல்லாம் கரகரவென்று ஆகும் என்று எழுதியிருந்தீர்களே, அதற்குத் தமிழில் அழகான சொல் இருக்கிறது, துவர்ப்பு. நாம் அதை அறுசுவையில் ஒன்றாக வைத்திருக்கிறோம், நவீன அறிவியல் அதைப் பெரும்பாலும் தொடு உணர்வு என்கிறது. எச்சிலில் வாயை வழுவழுப்பாக வைத்திருக்கும் புரதங்கள் உண்டு. பாலிஃபீனால்கள் அவற்றோடு சேர்ந்து திரண்டுவிடும், வழுவழுப்பு போய்விடும், நாக்கை மேலண்ணத்தில் தேய்த்தால் இழுக்கும். பாலில் இருக்கும் கேசின் புரதம் இந்தப் பாலிஃபீனால்களைப் பிடித்துக்கொண்டு துவர்ப்பைத் தணிக்கும். பால் ஊற்றியும் உங்களுக்குக் கரகரத்தது என்றால் தூளை அவ்வளவு நேரம் கொதிக்க விட்டிருக்கிறார்கள், அல்லது சின்னப் பிள்ளையின் நாக்குக்கு அது தாங்கவில்லை. பிள்ளைகள் கசப்பைப் பெரியவர்களைவிடக் கூர்மையாக உணர்வார்கள், வயது ஏற ஏற அந்தக் கூர்மை தணியும். ஆறு வயதில் துப்பியதை நாற்பத்துநாலில் விரும்புவதில் விநோதம் எதுவும் இல்லை, நாக்கும் வேறு, டீயும் வேறு. இடைப்பட்ட வருஷங்களில் நீங்கள் திரும்ப ருசி பார்க்கவில்லை, அவ்வளவுதான். கசப்பும் துவர்ப்பும் போன பிறகு தொண்டையில் திரும்பி வரும் அந்த இனிப்புக்குச் சீனாவில் ஹுய்கான் என்றே பெயர், திரும்பிவரும் இனிப்பு என்றுதான் அதற்கு அர்த்தம். யாரும் சொல்லித்தராமல் முதல் கப்பிலேயே அதைப் பிடித்திருக்கிறீர்கள், அது எல்லோருக்கும் வாய்க்காது.

அதனால் கப்பின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொரு கப்பையும் நன்றாகப் போடக் கற்றுக்கொள்ளுங்கள் என்பதுதான் என் யோசனை. ஆறு கப்பை நாலாக்கினால் உங்கள் இரும்புக்கும் தூக்கத்துக்கும் இடம் கிடைக்கும், ருசியில் நஷ்டம் இருக்காது. ஒரு விடுமுறை நாளில் இதைச் செய்து பாருங்கள். ஒரே இலையை மூன்று கோப்பையில் போடுங்கள், ஒவ்வொன்றிலும் 2 கிராம், அதாவது ஏறக்குறைய ஒரு டீஸ்பூன் உருண்டை, 150 மில்லி தண்ணீர். ஒன்றை ஒரு நிமிடத்தில் வடிகட்டுங்கள், இன்னொன்றை மூன்று நிமிடத்தில், கடைசியை ஆறு நிமிடத்தில். வரிசையாக ஒவ்வொரு வாய். முதலாவதில் வாசனை மட்டும் முன்னால் வரும், வாயை நிறைக்கும் அடர்த்தி இருக்காது. இரண்டாவதில் இரண்டும் சேரும். மூன்றாவதில் துவர்ப்பு எல்லாவற்றையும் மூடிவிடும், சின்ன வயதில் நீங்கள் எழுந்து ஓடிய டீயின் சாடை அதில் இருக்கும். தேயிலையைத் தொழிலாக ருசி பார்க்கிறவர்கள் 100 மில்லிக்கு 2 கிராம் போட்டு ஆறு நிமிடம் ஊற விடுவார்கள், 1980இல் அதற்கு ஐ.எஸ்.ஓ. 3103 என்று ஒரு சர்வதேசத் தரமே வந்தது. அது இலைகளை ஒரே அளவுகோலில் ஒப்பிட்டுக் குறை கண்டுபிடிக்கும் முறை. நாம் ரசிப்பதற்கு அவ்வளவு கடுமை வேண்டாம்.

தண்ணீரின் சூடும் அதே அளவுக்கு முக்கியம். பச்சைத் தேயிலைக்கு 70 முதல் 80 டிகிரி போதும், அதற்கு மேல் போனால் கசந்துவிடும். ஊலாங்குக்கு 90க்குப் பக்கத்தில், கறுப்புக்கு நன்றாகக் கொதித்த தண்ணீர். வெப்பமானி எல்லாம் வாங்க வேண்டாம், கொதித்த தண்ணீரை ஒரு காலிப் பாத்திரத்துக்கு மாற்றினாலே கணிசமாகச் சூடு இறங்கும், பச்சைத் தேயிலைக்கு இரண்டு முறை மாற்றுங்கள். ஊலாங் இலையை ஒரே தடவையோடு தூக்கிப் போடாதீர்கள், உருண்டை முழுதாக விரிவது இரண்டாவது தண்ணீரில்தான், எனக்கு எப்போதும் பிடித்தது அந்த இரண்டாவது ஊறல். ஒரே இலையில் காலையில் மூன்று முறை குடித்தால் மூன்று புது கப்புக்கு உண்டான கஃபீனைவிடக் குறைவாகவே உள்ளே போகும்.

சூட்டைப் பற்றி இன்னொன்று. 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்க எதைக் குடித்தாலும், அது வெறும் தண்ணீராக இருந்தாலும், உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2016இல் வகைப்படுத்தியிருக்கிறது. கொஞ்சம் ஆற விட்டுக் குடியுங்கள், நாக்கு சுடாதபோதுதான் வாசனையும் நன்றாகத் தெரியும். காலையில் வெறும் வயிற்றில் குடித்து எதுக்களிப்பு வந்தால் முதல் கப்பைத் தள்ளி வையுங்கள், வரவில்லை என்றால் அப்படியே இருக்கட்டும்.

ஏழு டப்பாவுக்கு என் பதில், எட்டாவதை இப்போது வாங்காதீர்கள். இலைக்குக் காற்று, ஈரம், வெளிச்சம், பக்கத்துப் பொருளின் வாசனை நாலும் ஆகாது, பச்சைத் தேயிலை சில மாதத்திலேயே மங்கிவிடும். இரண்டைத் திறந்து வைத்துக்கொண்டு மற்றதைக் காற்றுப் புகாமல் மூடி வையுங்கள்.

வெட்கம் போவதற்காக டீயின் நன்மைகளைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். "அது உடம்புக்கு நல்லது, அதனால்தான் குடிக்கிறேன்" என்று கணவரிடம் நியாயம் சொல்லத் தோன்றும். தியானைன் என்று ஒரு பொருள் டீயில் இருக்கிறது, 1949இல் ஜப்பானில் பச்சைத் தேயிலையிலிருந்து பிரித்தெடுத்தார்கள், கஃபீனோடு சேர்ந்தால் கவனத்தைக் கூர்மையாக்கும் என்று ஆய்வுகள் உண்டு, ஆனால் அவற்றில் கொடுத்துப் பார்த்த அளவு பெரும்பாலும் ஒரு கப் டீயில் இருப்பதைப்போல் பல மடங்கு. உடம்பு இளைக்கும் என்று கிரீன் டீ சாறை மாத்திரையாக விற்கிறார்கள், அந்தப் பக்கமே போக வேண்டாம். அந்தச் சாறில் இருக்கும் ஈ.ஜி.சி.ஜி. என்னும் பாலிஃபீனாலை நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் அப்படி எடுத்துக்கொண்டால் கல்லீரலைப் பாதிக்கலாம் என்று 2018இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்தது. உணவு ஆலோசனை சொல்வதுதான் என் தொழில், அந்த இடத்தில் இருந்துதான் சொல்கிறேன், எனக்குப் பிடித்திருக்கிறது என்பதே ஒரு கப் டீ குடிக்கப் போதுமான காரணம். கணவரிடமும் அதையே சொல்லுங்கள், கூடவே அவருக்கும் அந்த மூன்று நிமிடக் கோப்பையை ஊற்றிக் கொடுங்கள்.

மகளுக்குக் கொடுக்கலாம். வளரும் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் கஃபீன் வரை போகலாம் என்று அதே ஆணையம் கணக்குச் சொல்கிறது, 45 கிலோ இருந்தால் 135. கோலா, சாக்லேட் எல்லாம் சேர்த்து அந்தக் கணக்கு. லேசாக ஊறிய ஒரு கப், மத்தியானத்துக்குள், சாப்பாட்டோடு சேராமல். ஆனால் அந்த வயதுப் பெண்களுக்கு இரும்புச்சத்து குறைவது ரொம்பவும் சகஜம், உங்களுக்கே 10.4 என்றால் அவளுக்கும் ஒரு முறை ரத்தம் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். ஊறிய இலையை விரல்மேல் விரித்துப் பார்க்கும் வேலையை அவளிடமே விடுங்கள், உங்கள் விரலைவிட அவள் விரல் பொறுமையாக இருக்கலாம்.

மாத்திரை மூன்று மாதம் சாப்பிட்ட பிறகு மறுபடி ஹீமோகுளோபின் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். இரண்டு மணி விழிப்பு என்ன ஆயிற்று என்பதையும், ஏழு டப்பாவில் எது முதலில் காலியானது என்பதையும் சேர்த்து.